காலிக் குலுக்கை

எனக்குக் கை சும்மா இருக்காது. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதில் என்ன கோளாறு என்றுதான் முதலில் கண் போகும். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே இருந்த அந்தக் கரிசல் ஊருக்கு வந்த மறுவாரமே, மாமியாரின் ஓட்டைத் தவலையைக் கவிழ்த்துப் போட்டு, சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் சேர்த்து இடித்து அடைத்துவிட்டேன். இரண்டு நாள் ஒழுகவில்லை. மூன்றாம் நாள் வெந்நீர் வைத்தபோது அடைப்பு கழன்று, தண்ணீரெல்லாம் கொட்டி அடுப்பே அணைந்துவிட்டது.

"ஏ ஆத்தா, ஒன்னைய யாரு கேட்டா?" என்றார் மாமியார்.

யாரும் கேட்கவில்லைதான். கேட்டுக்கொண்டா இந்த மாதிரி வேலையெல்லாம் செய்கிறார்கள்?

அப்போது யுத்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வீட்டில் மாமனார், மாமியார், நான், மூன்றே பேர். கடையில் போய்க் கேட்டால் எதற்கும் இல்லை என்ற ஒரே பதில்தான். மண்ணெண்ணெய் ரேஷன். அரிக்கேன் விளக்கில் வேப்பெண்ணெயை ஊற்றிப் பார்த்தேன், ஊரே இருமியது. விரிசல் விட்ட விளக்குக் கண்ணாடியை முட்டை வெள்ளைக் கருவில் சுண்ணாம்பைக் குழைத்து ஒட்டினேன். அது ஒரு வருஷம் தாங்கியது. குடைப் பொத்தலுக்கு மெழுகு, வாளிப் பொத்தலுக்குத் தாரும் பஞ்சும். சிலது நிற்கும், சிலது மானத்தை வாங்கும். அந்த வீட்டிலிருந்து ஊரணிக்கும், ஊரணியிலிருந்து அந்த வீட்டுக்கும் தவிர எனக்குப் போக்கிடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை கட்டாந்தரை, மேலே வெறும் வானம். கையும் ஓய்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

மாமனார் ஊரில் இருந்த சின்ன வேதக்கோயிலுக்கு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று பிரசங்கம் செய்வது அவர்தான். ஒரு நாள் அவர் மூக்குக்கண்ணாடியின் கால் முறிந்துபோயிற்று. மதுரைக்குப் போனால்தான் சரிசெய்ய முடியும் என்றார்கள். நான் செம்புக் கம்பியை மயிர் போல இழுத்துச் சுற்றி, மேலே கருவேலம் பிசினைக் காய்ச்சித் தடவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி எல்லோருக்கும் காட்டி, "எம் மருமக கைவேலை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரிடம் ஒரே ஒரு கஷ்டம். மனிதருக்குப் பொய் வராது. சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்லும் பொய்கூட வராது. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டால், "உப்புக் கூடிப்போச்சு தாயி" என்று சொல்லிவிட்டு மறுசோறு வாங்கிச் சாப்பிடுவார். அவருடைய தங்கச்சி மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், "பையன் குடிப்பானா?" என்று இவரிடம் கேட்டுத் தொலைத்தார்கள். "குடிப்பான்" என்றார். அத்தோடு சம்பந்தம் போச்சு. தங்கச்சி இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு எது வந்தாலும், எந்தச் சாதிக்காரரும் அவரைத்தான் தேடி வந்தார்கள். "உபதேசியாரு சொல்லிட்டாக" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருஷம் தானியக் கணக்கெடுக்க ஆபீசர்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் இருப்பதை அளந்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். விதைக்கு வைத்திருக்கிறேன் என்று அழுதாலும், "விதையை டிப்போவில் வாங்கிக்கொள்" என்பார்கள். பக்கத்து ஊரில் முந்தின வருஷம் அப்படித்தான் வாரிக்கொண்டு போனார்கள். டிப்போ விதை வந்து சேர்ந்தபோது மழை பெய்து, மண் காய்ந்து, வெடிப்பும் விட்டாயிற்று. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. முதல் மழைக்கு மண் பதமாக இருப்பது இரண்டு நாளோ மூன்று நாளோ. அதற்குள் விதைத்தவனுக்குத்தான் கஞ்சி.

எங்களிடம் குதிரைவாலி விதை இருந்தது. விதைக்கவும், விதைத்தது கருகிப் போனால் மறுபடி விதைக்கவுமாக, குலுக்கையில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது. அது போனால் அடுத்த வருஷம் முழுக்கக் கையேந்த வேண்டியதுதான்.

குலுக்கை என்பது மண்ணில் செய்த தானியக் கூடு. வரகு வைக்கோலை மண்ணில் போட்டு மிதித்து, வளையம் வளையமாக ஏற்றிச் செய்வார்கள். எங்கள் வீட்டுக் குலுக்கை என் தலைக்கு மேல் இரண்டு சாண் உயரம். உச்சியில் ஒல்லியான ஆள் நுழையக்கூடிய வாய், அதற்கு ஒரு மண் மூடி. அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. துணிப் பந்தை வைத்து அதை அடைத்திருப்போம். பந்தைப் பிடுங்கினால் தானியம் கொட்டும்.

விதையைக் குழியில் புதைத்தவர்களுக்குக் கறையான்தான் மிஞ்சியது. எனக்கு வேறு யோசனை ஓடியது. குலுக்கைக்குள் விதையைச் சமமாகப் பரப்பி, அதன் மேல் வேப்பிலையும் பழைய ஓலைப்பாயும் போட்டு, பனைமட்டைப் பத்தைகளை அடுக்கி, மண்ணைப் பூசி ஒரு பொய்த்தரை போட்டுவிட வேண்டும். பழைய துளையை மண்ணால் அடைத்துவிட்டு, பொய்த்தரைக்கு மேலே புதுத் துளை போட வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தாலும் காலி, துளையில் கைவிட்டாலும் காலி.

"அவுகளுக்குத் தெரியக் கூடாது அத்தை" என்றேன் மாமியாரிடம். "தெரிஞ்சா, ஆபீசரு கேட்டதும் சொல்லிருவாக. தெரியாட்டி, குலுக்கை காலின்னுதான சொல்வாக? அது அவுகளுக்குப் பொய்யில்லையே."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடி கெட்டிக்காரி!" என்றார். அந்த வீட்டில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மாமனாரிடம், "குலுக்கையில எலி ஓட்டை போட்டிருக்கு மாமா. பூசணும். இருக்கதைக் கொட்டி வேற இடத்துல வச்சுக்கிறோம்" என்றேன். எலி ஓட்டை இருந்தது நிஜம். கொட்டியதும் நிஜம். திரும்பப் போடப் போவதை மட்டும் சொல்லவில்லை. குடும்பச் சாமான் எது எங்கே இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. போதாததற்கு, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வந்த கதியைப் பார்த்து மனம் நொந்த மாமியார், "விதைய எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பியாச்சு" என்று அவரிடம் அப்புறம் சொல்லி வைத்தார். மாமியாருக்குப் பொய் தங்குதடையில்லாமல் வரும்.

ஆபீசர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று தலையாரி சொல்லியிருந்தான். காலையில் விதையைத் திரும்பக் குலுக்கைக்குள் கொட்டி, மேலே புதுத் துளை போட்டு, பழைய துளையை வெளியே இருந்து மண் வைத்து அடைத்தேன். அந்த மண் ஒரு நாளாவது காய வேண்டும். அதன் பிறகுதான் உள்ளே இறங்கி மிதிக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், இந்தப் பாழாய்ப்போன கைக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கே முடித்துவிடலாம் என்று, மாமனார் ஜெபம் பண்ண ஒரு நோயாளி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, உரலைக் கவிழ்த்து ஏறி உள்ளே இறங்கிவிட்டேன்.

உள்ளே நிற்கலாம், குந்தலாம்; கையை விரிக்க முடியாது. மாமியார் மேலிருந்து மண் உருண்டைகளை இறக்க இறக்க, ஒரு சின்ன மணைப்பலகை மேல் குந்திக்கொண்டு, என்னைச் சுற்றிலும் பூசிக்கொண்டே வந்தேன். வேப்பிலை நெடி, புழுங்கல், பழைய தானியத் தூசி. கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். பலகையை எடுத்து அந்த இடத்தைப் பூச வேண்டியதுதான் பாக்கி. மாமியார் கையைப் பிடித்துத் தூக்கினால் வெளியே வந்துவிடலாம்.

அப்போது தெருவில் நாய்கள் குரைத்தன. மாமியாரின் முகம் வாய்ப்பக்கம் தெரிந்தது, வெளுத்திருந்தது.

"வந்துட்டாங்யடி! இன்னைக்கே வந்துட்டாங்ய! அவுக வேற கூட வாராக!"

"தூக்குங்க அத்தை!"

அவர் தூக்கவில்லை. மூடியைப் போட்டு மூடிவிட்டார். டம்மென்று இருட்டு.

புதுத் துளை வழியாக ஒரு உள்ளங்கை அளவு வெளிச்சம் மட்டும் வந்தது. தலையை முழங்காலுக்கு நடுவே செருகிக் குனிந்தால், அறையின் தரையும், வருகிறவர்களின் கால்களும் தெரிந்தன. முதலில் மாமனாரின் கால், பித்தவெடிப்போடு. பிறகு பூட்ஸ் போட்ட இரண்டு கால். பிறகு தலையாரியின் கருத்த கால்.

"மருமகளை எங்க?" என்றார் மாமனார்.

"தண்ணிக்குப் போயிருக்கா" என்றார் மாமியார். கேள்வி முடியும் முன்னே பதில் வந்துவிட்டது.

ஆபீசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உபதேசியாரே, உங்க வீட்டைச் சோதனை போட்டேன்னா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். உங்களைப் பத்தி எல்லாரும் சொல்லியிருக்காங்க. நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"அடுப்பங்கரைப் பானையில சோளம் இருக்கு. மூணு பேருக்கு ஒரு மாசம் வரும். விதையை மச்சினன் வீட்டுக்கு அனுப்பியிருக்கதா வீட்டுல சொன்னாக. குலுக்கை காலிங்கய்யா."

பேனா கீறும் சத்தம் கேட்டது. நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது. உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

தலையாரிக்கு மட்டும் வேலையில் பக்தி. அவனாகவே குனிந்து புதுத் துளைக்குள் கையை விட்டான். காலை எங்கே இழுப்பது? குதிகாலைத் தூக்கிச் சுவரோடு ஒட்டினேன். அவன் விரல்கள் என் கொலுசுக்கு ஒரு விரற்கடை தள்ளி ஈர மண்ணைத் தடவின.

"ஈரமா இருக்குங்க."

"எலி ஓட்டைய எம் மருமக பூசுச்சுப்பா" என்றார் மாமனார். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் காட்டிச் சொன்ன அதே குரல்.

தலையாரி கையை உதறிக்கொண்டு எழுந்தான். ஆபீசர் போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவரோ, "இந்த அறை நல்லா குளுமையா இருக்கே. இங்கயே உக்காந்து தெருக்கணக்கை எழுதி முடிச்சிடறேன்" என்றார். தலையாரியைத் தெருவுக்கு அனுப்பி, ஒவ்வொரு வீட்டு விவரமாகக் கேட்டு வரச் சொன்னார். அவன் வாசலில் நின்று சொல்லச் சொல்ல, இவர் வெளிச்சத்துக்காக வாசலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து எழுதினார். முதுகு குலுக்கைப் பக்கம். மாமனார் அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கால் மரத்தது. பிறகு கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் வளையல் சத்தம் போடும். தும்மல் வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்தேன். வெளியே தலையாரி நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை வீடுகள் இந்த ஊரில்! அட கர்த்தரே, இத்தனை பேர் எதற்காக இங்கே வந்து குடியேறினார்கள்? எனக்கு அழுகை வந்தது. பெற்ற தாய் மேல், கட்டிக் கொடுத்த தகப்பன் மேல், பட்டாளத்தில் இருந்தவர் மேல், எல்லோர் மேலும் கோபம் வந்தது. கடைசியில் என் கை மேல் வந்து நின்றது.

தலையாரி அடுத்த வீட்டுக்குப் போன நேரம், மரத்த காலை ஒரு நூல் நகர்த்தினேன். பாரம் ஒரு பக்கமாக விழுந்தது. பலகை சாய்ந்தது. அடியில் கிடந்த விதை நசுங்கி, போக வழி தேடி, காலையில் நான் அடைத்த ஈர மண்ணைத் தள்ளியது. மண் பொத்தென்று வெளியே விழுந்தது. அதைத் தொடர்ந்து குதிரைவாலி கொட்ட ஆரம்பித்தது.

சர்ர்ரென்று அந்தச் சத்தம். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். முழங்கைகளைச் சுவரில் ஊன்றி, பாரத்தைக் குறைக்கப் பார்த்தேன். சுவர் வழுக்கியது. துளை வழியே பார்த்தேன். மாமனாரின் கால்கள் அசையாமல் இருந்தன. அவற்றுக்கு முன்னால் விதை ஒரு சின்னக் குவியலாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

"என்னய்யா சத்தம்?" என்றார் ஆபீசர். பேனா நின்றது.

மாமனார் மூச்சை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. விதையைப் பார்த்திருப்பார். துளையில் என் கண்ணையும் பார்த்திருப்பாரோ, தெரியாது. ஒரு மனிதன் அறுபது வருஷமாகச் செய்யாத ஒன்றைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

"எலிங்கய்யா" என்றார்.

"குலுக்கைதான் காலின்னீங்களே? காலிக் குலுக்கையில எலிக்கு என்ன வேலை?"

"பழைய வாசனைக்கு வருதுக."

பெட்டியிலிருந்து எழுந்தார். இரண்டு எட்டு வைத்து வந்து, விழுந்த ஈர மண்ணைக் குதிகாலால் அந்தத் துளையில் தள்ளி அழுத்திக்கொண்டு நின்றார். சத்தம் நின்றது. வேட்டியை இறக்கிவிட்டுக் குவியலை மறைத்துக்கொண்டார்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

"இடுப்புப் பிடிச்சிருக்கு. நின்னாத்தான் தேவலை."

பொய் மூன்று ஆயிற்று. அந்நேரம் பார்த்து எங்கள் வீட்டுச் சேவல் உள்ளே வந்து, அவர் காலடியில் ஓடியிருந்த மணிகளைக் கொத்திக்கொண்டே, கோழிகளை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட ஆரம்பித்தது. மாமியார் ஓடிவந்து அதை ஒரே அமுக்காக அமுக்கி, "சனியனே, ஆபீசரய்யா இருக்க எடத்துல என்ன ஆட்டம்!" என்று இடுக்கிக்கொண்டு போனார். ஆபீசர் சிரித்தார். மிச்சத் தெருவையும் எழுதி முடித்தார். அதுவரை மாமனார் ஒற்றைக் குதிகாலில் நின்றார். அந்தக் காலுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் மண்ணுக்கு அப்பால், நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை, உபதேசியாரே" என்று சொல்லிவிட்டு ஆபீசர் போனார்.

மூடியைத் திறந்தது மாமனார்தான். இரண்டு கைகளையும் நீட்டினார். பிடித்துத் தூக்கி, உரல் மேல் நிறுத்தி, என் தலையில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரே கொல்லைக்குப் போய், காலை நெடுநேரம் தேய்த்துக் கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் போகவில்லை. கடைசிப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை வாசிக்கச் சொன்னார். உடம்புக்கு என்ன என்று ஆட்கள் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்றார். மறுவாரமும் அப்படித்தான். வரப்புத் தகராறு என்று வந்தவர்களை, "என்னையக் கேக்காதீக" என்று அனுப்பிவிட்டார். நடந்ததைச் சபையில் சொல்லிவிட்டால் அவர் மனம் ஆறியிருக்கும். சொன்னால் விதை போகும்; நானும் மாமியாரும் போலீஸ் கச்சேரிக்கு நடக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு பொழுதுதான் அடைப்பு. அவர் எந்தப் பக்கமும் வர முடியாமல் மாட்டிக்கொண்டார்.

துளையில் அவர் மிதித்த ஈர மண், குதிகால் அச்சோடு அப்படியே காய்ந்துவிட்டது. நான்தான் எதையும் சரிசெய்யாமல் விடாதவள் ஆயிற்றே. இரண்டு தரம் மண்ணைக் குழைத்துக்கொண்டு போய், இரண்டு தரமும் மண்ணைக் கொல்லையில் கொட்டிவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் மழை இறங்கியது. மறுநாளே விதைத்தோம். அந்த வருஷம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதலில் முளைத்தது எங்கள் காடு. நன்றாகவே விளைந்தது. விதையை அன்று கொடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பயிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தையில் புதுக் குதிரைவாலியைக் குத்திச் சோறாக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. வட்டில் நிறைய வைத்தேன். ஜெபம் பண்ணினார். கையைச் சோற்றின் மேல் வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். வட்டிலை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

அன்றுதான், அத்தனை மாதத்துக்குப் பிறகு, முதல் தடவையாக அதைப் பற்றிக் கேட்டார்.

"எங்கிட்ட ஏன் தாயி சொல்லல?"

"சொன்னா நீங்க பொய் சொல்ல வேண்டி வருமேன்னுதான் மாமா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நான் கம்பி சுற்றிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"சொல்லிட்டனே, தாயி" என்றார்.

நான் எழுந்து போய்ப் பானையிலிருந்த சோளக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.